பிழைபட இசைக்கும் உரிமை

இசைக்கருவி ஒவ்வொன்றும் தனக்கேற்ற உடலொன்றைக் கற்பனை செய்துகொண்டே பிறந்திருக்கின்றது. வீணை, மெட்டுகளின்மேல் ஓடும் இடக்கை விரல்களையும் தந்தியை மீட்டும் வலக்கை விரல்களையும் எதிர்பார்க்கின்றது. மிருதங்கத்திற்கு இரு கைகள் வேண்டும். நாகசுரத்திற்கு நெஞ்சு நிறைய மூச்சு வேண்டும். பியானோவுக்குப் பத்து விரல்களோடு பாதங்களும் தேவைப்படுகின்றன. இந்த எதிர்பார்ப்பை நிறைவேற்ற இயலாத ஒருவரைக் காணும்போது, 'இவரால் வாசிக்க முடியாது' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 'இந்தக் கருவிக்கு இவரை ஏற்கத் தெரியவில்லை' என்று சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை.

கடந்த நூறாண்டுகளாக இந்த எண்ணத்தை அசைத்துப் பார்க்கும் கருவிகள் சில தோன்றியுள்ளன. இவற்றில் தந்தியும் இல்லை, தோலும் இல்லை, துளையும் இல்லை. வெறும் வெளியில் நிகழும் உடலசைவையே வாங்கி ஒலியாக மாற்றித் தருகின்றன. தலையை மட்டும் திருப்ப வல்லவர், ஒற்றை விரலை மட்டும் அசைக்க வல்லவர், கண்ணிமையை மட்டும் உயர்த்த வல்லவர் ஆகியோரும் இசையரங்கில் அமர இவற்றால் வழி பிறந்திருக்கின்றது. இவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வியந்து எழுதுகின்றனர். வியப்பு நல்ல உணர்வே. ஆயினும் அது திறனாய்வு ஆகாது. இவற்றை இசைக்கருவிகள் என்னும் நிலையிலேயே வைத்து, அவற்றின் நிறைகுறைகளை ஈண்டுச் சற்று எடைபோட்டுப் பார்ப்போம்.

காற்றில் விரல் பதித்தவர்

தொடாமல் வாசிக்கும் கருவிகளுள் புகழ்பெற்றது தெரெமின். ரஷ்ய இயற்பியலாளர் லெவ் தெர்மென் 1920-ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். செங்குத்தாக நிற்கும் ஓர் உலோகக் கம்பி. பக்கவாட்டில் வளைந்து நிற்கும் மற்றொரு கம்பி. வாசிப்பவரின் கை முதற்கம்பியை நெருங்க நெருங்கச் சுரம் உயர்கின்றது. மற்றக் கை இரண்டாம் கம்பியை அணுகும்போது ஒலி தணிகின்றது, விலகும்போது ஓங்குகின்றது. மனித உடல் அருகில் வருவதால் மின்புலத்தில் நேரும் மாற்றமே இங்கு இசையாகின்றது.

இக்கருவியைக் கலையின் உயரத்திற்குக் கொண்டு சென்றவர் கிளாரா ராக்மோர் (1911–1998). வில்னியூஸ் நகரில் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே வயலின் மேதையாக அறியப்பட்டவர். வில் பிடிக்கும் கையில் ஏற்பட்ட நோவு அவரை வயலினைக் கைவிடச் செய்தது. பின்னர் அவர் தெரெமினை நாடினார். ஆனால் கிடைத்ததை அப்படியே நன்றியோடு ஏற்றுக்கொள்ளவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. ஒலி எல்லை போதாது என்றார். ஓசையைக் கட்டுப்படுத்தும் கைக்கு விடை இன்னும் விரைவாக வரவேண்டும் என்றார். அவருடைய கோரிக்கைகளுக்கு இணங்கித் தெர்மென் கருவியைத் திருத்தி அமைத்தார். காற்றில் இன்ன விரலை இன்னவாறு நீட்டினால் இன்ன சுரம் என்று கணக்கிட்டுத் தமக்கெனத் தனி விரலடைவு முறையையும் கிளாரா வகுத்துக்கொண்டார். 1934-இல் நியூயார்க்கின் டவுன் ஹால் அரங்கில் அவர் வாசித்தபோது அவரை ஓர் இசைக்கலைஞராகவே உலகம் எதிர்கொண்டது.

தெரெமினில் மெட்டுகள் இல்லை. மயிரிழை விலகினாலும் சுரம் பிசகிவிடும். பிசகியது அரங்கிலுள்ள அனைவர் காதிலும் விழும். வாசிப்பவரைக் காப்பாற்ற அங்கு எதுவும் இல்லை. அந்த ஆபத்தின் நடுவே நின்று சுரத்தைத் துல்லியமாகப் பிடித்ததால்தான் கிளாராவின் வாசிப்பு கலையாயிற்று. இந்த எடுத்துக்காட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, பின்வந்த கருவிகளைக் காண்போம்.

வௌவாலின் வழி

பி.பி.சி. நிறுவனம் 1979-இல் ஒளிபரப்பிய 'லைஃப் ஆன் எர்த்' என்னும் இயற்கைத் தொடருக்கு இசையமைத்தவர் எட்வர்ட் வில்லியம்ஸ் (1921–2013). அவர் 1980-களில் நடனக் கலைஞர்களுக்காகச் 'சவுண்ட்பீம்' என்னும் கருவியைப் படைத்தார். நடனம் இசையைப் பின்தொடரும் வழக்கத்தை மாற்றி, நடனமே இசையைப் பிறப்பிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். வௌவால் இருளில் வழியறியும் முறையே இக்கருவியின் முறையும். செவிக்கு எட்டாத ஒலியலைகளை அது வெளியிடுகின்றது. எதிர்ப்பட்ட உடலில் மோதி அவை திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகின்றது. அத்தொலைவைச் சுரமாக மாற்றுகின்றது.

மேடைக்கென்று பிறந்த இக்கருவி, பிரிட்டனின் சிறப்புப் பள்ளிகளில் வேர்விட்டது. காரணம் எளிது. அலை பாயும் எல்லையைப் பல மீட்டருக்கு விரிக்கலாம். மிகக் குறுகிய அளவிற்குச் சுருக்கவும் செய்யலாம். விரித்தால் நடனமாடுபவர் அரங்கு முழுதும் ஓடி ஒரு சுரவரிசையைக் கடப்பார். சுருக்கினால், சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் சிறுவன் தன் கையை இரண்டு அங்குலம் நகர்த்தி அதே சுரவரிசையைக் கடப்பான். பேரசைவுக்கும் சிற்றசைவுக்கும் ஒரே மதிப்பைத் தருவதே இக்கருவியின் சிறப்பு எனலாம்.

பிரிட்டனில் இசைக்கல்வித் துறையைச் சார்ந்த பில் எல்லிஸ் என்பவர் 1990-களில் இக்கருவியைக் கொண்டு கடுமையான குறைபாடுடைய குழந்தைகளோடு பணிபுரிந்தார். 'கையைத் தூக்கு, இப்படித் திருப்பு' என்று கட்டளையிடுவதைத் தவிர்த்து, ஒலியில் குழந்தை தானாகக் கொள்ளும் ஈடுபாட்டிற்காகக் காத்திருப்பது அவரது முறை. அமர்வுகளை ஒளிப்பதிவு செய்து, நீண்ட கால அளவில் ஒப்பிட்டுப் பார்த்தார். காத்திருத்தலையும் உற்றுநோக்குதலையும் ஒரு முறையாகவே கொண்ட இத்தகைய பணி, ஒருநாள் விழாவுக்கென்று குழந்தைகளைப் பழக்கும் வேலையிலிருந்து முற்றிலும் வேறுபட்டது.

மூக்கு நுனியில் ஒரு முரசு

மூன்றாவது எடுத்துக்காட்டு அமெரிக்காவைச் சார்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் பாக்கிப்சி நகரில் உள்ள பள்ளியொன்றில் லீஃப் மில்லர் என்னும் தொழில்வழி மருத்துவர், மாற்றுத்திறன் மாணவர்களைக் கொண்டு முரசுக்குழு ஒன்றை நடத்திவந்தார். கோலைப் பற்றவோ கையை வீசவோ இயலாத மாணவர்களை அக்குழுவில் எவ்வாறு சேர்ப்பது என்ற கேள்வி எழுந்தது. அவரும் இசையமைப்பாளர் பாலின் ஓலிவெரோஸும் (1932–2016) இணைந்து 2007-இல் தொடங்கிய முயற்சியே 'அடாப்டிவ் யூஸ் மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட்'. ஏ.யு.எம்.ஐ. என்று முதலெழுத்துகளால் சுருக்கி அழைப்பர்.

இது தனிக்கருவி அன்று; ஒரு மென்பொருள். கணினியிலுள்ள சாதாரணக் கேமரா வாசிப்பவரைப் பார்க்கின்றது. மூக்கு நுனி, புருவம், விரல் என உடலின் ஏதேனும் ஒரு புள்ளியை அது குறித்துக்கொண்டு பின்தொடர்கின்றது. திரையில் வகுத்துள்ள எல்லைக் கோட்டை அப்புள்ளி கடக்கும்போது ஒலி எழுகின்றது. முரசொலியோ, குழலொலியோ, பதிவுசெய்த ஒரு மனிதக் குரலோ, எதை வேண்டுமாயினும் அமைத்துக்கொள்ளலாம். உடலில் எதையும் மாட்டவேண்டியதில்லை. மென்பொருளுக்கு விலையும் இல்லை. பின்னர் ஐபேடிலும் இயங்குமாறு இதனை விரித்தனர். சிறப்புக் கருவிகளின் விலை ஏழைப் பள்ளிகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் உலகில், இந்த எளிமையைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

யாருடைய இசை?

இனி, குறைகளுக்கு வருவோம். முதற்கேள்வி இது: எழுந்த ஒலி யாருடைய விருப்பத்தால் எழுந்தது? மூளை முடக்குவாதம் உடையோர் சிலருக்கு உடல் அவர்தம் கட்டுப்பாடின்றித் தொடர்ந்து அசைந்துகொண்டிருக்கும். கேமரா விருப்பத்தை அறியாது. அசைவை மட்டுமே அறியும். ஆகவே அவர் நினைத்தாலும் நினையாவிட்டாலும் கருவி ஒலித்துக்கொண்டே இருக்கும். அரங்கு கைதட்டும். அவரோ அதை எப்படி நிறுத்துவது என்று தவித்துக்கொண்டிருக்கக்கூடும். பேச்சும் கடினமாயின், தம் தவிப்பைச் சொல்லவும் அவருக்கு வழியில்லை. அவருடைய உடலைக் கொண்டு வேறொருவர் அமைத்துவைத்த இசை அங்கே நிகழ்கின்றது. அவர் அங்கே இசைக்கலைஞராக அமரவில்லை. கருவியின் ஓர் உறுப்பாக அமர்த்தப்பட்டிருக்கின்றார்.

எனவே, இத்தகைய கருவியை ஒருவர்முன் வைப்போர் முதலில் அமைத்துத் தரவேண்டியது மௌனத்தை. தாமாக நிகழும் அசைவுகள் எட்டாத இடத்தில் எல்லைக்கோட்டை வைக்கலாம். அவர் மிகுதியாக ஆளக்கூடிய உறுப்பு எதுவோ அதனையே புள்ளியாகத் தெரிந்தெடுக்கலாம். ஒலிக்காத பகுதி ஒன்றைத் திரையில் விடலாம். பேசாதிருக்க முடிந்தவர் பேசும்போதுதான் அது பேச்சாகின்றது. இசைக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது கேள்வி: இக்கருவியில் தவறாக வாசிக்க முடியுமா? இவ்வகைக் கருவிகளை அமைப்போர் பலர், எந்தச் சுரம் எழுந்தாலும் மற்றொன்றோடு முரண்படாத ஐந்து சுர வரிசையைத் தெரிந்தெடுக்கின்றனர். நம் மோகன இராகத்தின் சுரங்கள் அத்தகையவை. எப்படி அசைந்தாலும் இனிமையாகவே ஒலிக்கும். நோக்கம் அன்பானதுதான். ஆனால் மோகனத்தின் ஐந்து சுரங்களையும் வரிசையாகத் தட்டிவிட்டால் மோகனம் வந்துவிடுமா? எந்தச் சுரத்தில் நிற்பது, எதனை அசைப்பது, எங்கிருந்து எங்குத் தாவுவது என்னும் தேர்வுகளில்தான் அந்த இராகம் உயிர் பெறுகின்றது. தேர்வு என்றால் தவறான தேர்வும் உண்டு. தவறவே முடியாத கருவி, சரியாக வாசித்தோம் என்னும் நிறைவையும் தரமுடியாது.

இதற்கு மறுப்பு ஒன்று எழலாம். 'கடுமையான குறைபாட்டோடு வாழும் குழந்தையிடம் போய்ப் பிழையைப் பற்றிப் பேசுவது இரக்கமற்ற செயல் அல்லவா? எல்லா ஒலியையும் ஏற்கும் கற்பனை இசையன்றோ ஓலிவெரோஸ் போற்றியது?' என்பர். மறுப்பில் நியாயம் உண்டு. பயிற்சிபெற்ற வித்துவானின் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு அக்குழந்தையிடம் போகக்கூடாது என்பதை நாமும் ஏற்கிறோம். ஆயினும் பிழை என்று நாம் சொல்வது சாத்திரப் பிழையை அன்று. ஒருவர் கருதியதற்கும் நிகழ்ந்ததற்கும் இடையிலுள்ள தூரமே பிழை. மற்றவர் முரசை அறையும் அதே கணத்தில் தானும் ஒலிக்கவேண்டும் என்று ஒரு சிறுமி விரும்புகிறாள், தலையைத் திருப்புகிறாள், ஒலி சற்றே பிந்திவிடுகின்றது, அவள் முகம் சுளிக்கின்றது. அந்தச் சுளிப்பில் ஓர் இசைக்கலைஞர் பிறந்துவிட்டார். அடுத்தமுறை அவள் சற்று முன்னதாகத் திரும்புவாள். கருவி அவளுடைய பிந்தலை மறைத்துத் தானே தாளத்தைச் சரிசெய்து ஒலித்திருந்தால், அந்தச் சுளிப்பும் இல்லை. அடுத்தமுறை அவள் அடையப்போகும் மகிழ்ச்சியும் இல்லை.

ஒலியில் திளைப்பதே போதும் என்னும் நேரங்களும் உண்டு. விளையாட்டாகவும் மருத்துவமாகவும் அது மதிப்புடையது; அதற்கு வேறெந்த நியாயமும் தேவையில்லை. ஆனால் அதனையே 'இசை நிகழ்ச்சி' என்று அறிவித்து மேடையேற்றும்போது, இசைக்குரிய கேள்விகளும் உடன் வந்துவிடுகின்றன. அக்கேள்விகளை அங்கே விலக்கி வைப்பது, மேடையில் இருப்பவரைச் சிறுமைப்படுத்துவதாகும்.

இளிவரலும் பெருமிதமும்

தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளைப் பேசுகின்றது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு என்பதால், உடலசைவை இசையாக்கும் கருவிகளைப் பற்றிச் சிந்திப்போர்க்கு அவ்வியல் நல்ல துணை. அங்கே இளிவரல் தோன்றும் இடங்களுள் பிணியும் தளர்ச்சியும் வைக்கப்பட்டுள்ளன. மருட்கை என்னும் வியப்புக்குப் புதுமை ஒரு காரணம். பெருமிதத்திற்கோ கல்வி முதலாகச் சொல்லப்படுகின்றது.

மாற்றுத்திறனாளி ஒருவர் இத்தகைய கருவியோடு மேடையில் தோன்றும்போது அவையில் எழும் உணர்வுகளை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். உடலைக் கண்டு ஒரு பகுதியினர்க்கு இளிவரல் எழுகின்றது. அது உடனே இரக்கமாக வேடம் மாற்றிக்கொள்கின்றது. எந்திரத்தைக் கண்டு மற்றொரு பகுதியினர்க்கு மருட்கை எழுகின்றது. இவ்விரண்டும் சேர்ந்தே பெருங்கைதட்டலாகின்றன. கற்றுத் தேர்ந்த ஒருவர் முன் எழவேண்டிய பெருமிதத்தை உணர்ந்தோர் எத்தனை பேர்? வாசித்த உருப்படி எப்படி இருந்தது என்று வெளியே வந்தபின் பேசிக்கொள்வோர் எத்தனை பேர்?

பிரிட்டனின் எக்காளக் கலைஞர் கிளாரன்ஸ் அடூவை இங்கே நினைவுகூரலாம். 1995-இல் நேர்ந்த கார் விபத்து ஒன்று அவரைத் தோளுக்குக் கீழ் செயலிழக்கச் செய்தது. இசையமைப்பாளர் ரோல்ஃப் கெல்ஹார் (1943–2019) அவருக்கென்றே 'ஹெட்ஸ்பேஸ்' என்னும் கருவியை உருவாக்கினார். தலையசைவால் திரையில் ஒலியைத் தெரிந்தெடுத்து, குழாயொன்றின் வழியே மூச்சை ஊதி அதனை எழுப்புவது அதன் முறை. எக்காளம் வாசித்தவருக்கு மூச்சுதானே மொழி? அந்த மொழியை அவரிடமிருந்து பறிக்காமல் கருவியை அதற்கேற்ப வடித்ததில் கெல்ஹாரின் நுட்பம் விளங்குகின்றது. சார்ல்ஸ் ஹேசில்வுட் 2011-இல் நிறுவிய, மாற்றுத்திறன் கலைஞர்களைக் கொண்ட 'பாரா ஆர்க்கெஸ்ட்ரா' குழுவிலும் அடூ பங்கேற்றார். அக்குழு 2012-இல் லண்டன் பாராலிம்பிக் நிறைவு விழாவில் வாசித்தது.

அடூவிடம் விபத்திற்கு முன்னரே பல்லாண்டு இசைப்பயிற்சி இருந்தது. பாக்கிப்சிப் பள்ளியில் புருவ அசைவால் முதன்முதல் ஒலியெழுப்பிய குழந்தையிடம் அது இல்லை. ஆகவே அக்குழந்தைக்கு அடூவைக் காட்டிலும் கூடுதலான காலமும் ஆசிரியரும் பயிற்சியும் வேண்டும். எனினும் இத்தகைய குழந்தைகளுக்கு நாம் கொடுப்பது பெரும்பாலும் ஓர் அறிமுக வகுப்பு, ஒரு நிழற்படம், ஒரு மேடை. வயலின் கற்கும் குழந்தை மறுநாளும் அதே வயலினைக் கையிலெடுக்கின்றது. உடலசைவுக் கருவியோடு இருப்பவர்க்கு மறுநாளும் அதே கருவி, அதே அமைப்போடு கிடைக்கவேண்டும். கோடு வேறிடத்தில், ஒலி வேறொன்றாக இருந்தால், நேற்றுக் கற்றது இன்று வீணாகின்றது.

கேட்போர் கடன்

மூன்றாவது கேள்வி கருவியைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியது. ஓலிவெரோஸ் 1988-இல் நண்பர்களோடு வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்ட் வார்டன் என்னும் இடத்தில், நிலத்தடியே வறண்டுகிடந்த பெரிய நீர்த்தொட்டி ஒன்றுக்குள் இறங்கி வாசித்தார். அங்கே ஓர் ஒலி அடங்க ஏறத்தாழ 45 விநாடி ஆகும். தாம் எழுப்பியது திரும்பிவருவதைக் கேட்டுத்தான் அடுத்ததை எழுப்ப வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் இரைச்சலாகிவிடும். அவர் 'ஆழ்ந்து கேட்டல்' என்று அழைத்த பயிற்சியின் பெயர் அந்த அனுபவத்தோடு இணைந்தது. பின்னாளில் அவர் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவியில் ஈடுபட்டதை இதன் தொடர்ச்சியாகவே காண்கிறோம். ஒரு தலையசைவுக்குப் பத்து விநாடி தேவைப்படுபவரோடு சேர்ந்து வாசிக்கவேண்டுமாயின், மற்றவர்கள் அந்தப் பத்து விநாடிகளைக் கேட்டு நிறைக்கக் கற்கவேண்டும். குழுவின் தாளம் விரைந்து நடப்போர்க்காக மட்டும் நடக்குமாயின், எந்தக் கருவியாலும் பயனில்லை.

ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகள் தம் கலைத்திறனை வளர்த்துப் பயன்படுத்த வாய்ப்பளிக்க வேண்டும் என்று கூறும் அது, அவர்தம் நன்மைக்காக மட்டுமின்றிச் சமுதாயத்தின் வளத்திற்காகவும் இதனைச் செய்யவேண்டும் என்கின்றது. இந்தியாவும் 2007-இல் இதற்கு இசைவளித்துள்ளது. இப்பிரிவின்படி, அவர்கள் இசையால் நாமும் வளம் பெறவேண்டியவர்கள். வளம் பெறவேண்டுமாயின் முதலில் கேட்கவேண்டும். கேட்டது பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று நேர்மையோடு சொல்லவும் வேண்டும்.

நம் பள்ளிகளிலும் இல்லங்களிலும் இத்தகைய மென்பொருள் ஒன்றைப் பழைய கணினியில் ஏற்றிப் பயன்படுத்தும் நாள் தொலைவில் இல்லை. அப்போது மூன்றைக் கேட்டுக்கொள்வோம். வாசிப்பவர் விரும்பினால் மௌனமாக இருக்க முடிகிறதா? அவர் நேற்றைவிட இன்று ஒன்றைத் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறதா? அவர் ஒலிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்கிறார்களா? இவற்றிற்கு ஆம் என்னும் விடை கிடைக்கும் அரங்கில் வாசிப்பவரிடம் நிகழ்ச்சி முடிந்தபின் நாம் சென்று, 'மிக அருமை' என்று கூறி நகர்ந்துவிட வேண்டாம். 'இரண்டாவது உருப்படியின் நடுவில் சற்றுத் தளர்ந்தது போலிருந்ததே, ஏன்?' என்று கேட்போம். அவர் நம்மோடு வாதிடக்கூடும். 'அங்கே வேண்டுமென்றேதான் நிறுத்தினேன்' என்று தம் வழியில் உணர்த்தவும் கூடும். அப்படியாயின், நாம் மறுமுறை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டியவர்கள்.